குவாண்டம் நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆந்திரத் தலைநகர் அமராவதியில் 'குவாண்டம் பள்ளத்தாக்கு' என்ற தொழில்நுட்பப் பூங்கா வரப்போகிறது என்று 2025 மே மாதம் அறிவிப்பு வெளியானதிலிருந்து நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நேற்றுவரை மனை விற்றவர்கள் இன்று 'குவாண்டம் பங்கு' என்கிறார்கள். ஒரு சாரார் கைபேசிச் செயலி வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், சந்தைக்கு வராத இந்திய நிறுவனங்களின் பங்கு 'ஐபிஓவுக்கு முன்பே', அதாவது பொதுமக்களுக்கு முதன்முதலாகப் பங்கு வெளியிடும் முன்பே, கிடைக்கும் என்கிறார்கள். பத்திரிகைகளோ எத்தனை க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைக் கணக்கீட்டு அலகு) என்பதைத் தலைப்பாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்தத் தொழிலில் இயந்திரம் ஜெயித்து, பங்குதாரர் தோற்பது சாத்தியம். அது எப்படி என்று விளக்கவே இக்கடிதம்.

அமராவதியை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுவோம். அங்கே வருவதாக அறிவித்திருப்பது ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் டூ இயந்திரம், 156 க்யூபிட் ஹெரான் சில்லுடன். கட்டடம் எல் அண்ட் டி பொறுப்பு. அதில் ஓட்டுவதற்கான பயன்பாடுகளை உருவாக்குவது டிசிஎஸ். மூன்றும் பழைய, பெரிய நிறுவனங்கள். அவற்றின் மொத்த வருவாயில் இந்தப் பூங்கா கடுகளவு. ஆகவே அமராவதி பெயரைச் சொல்லி யாராவது ஒரு சின்ன நிறுவனத்தின் பங்கை நீட்டினால், பூங்காவோடு அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று கேட்க வேண்டும். 'அங்கே எங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்' என்று பதில் வந்தால், அது வாடகைச் செலவு, வருமானம் இல்லை.

அடுத்து, ஏற்கெனவே சந்தையில் இருப்பவற்றின் கணக்கு. அமெரிக்காவின் ஐயான்க்யூ என்ற குவாண்டம் கணினி நிறுவனம் 2021 அக்டோபரில் நியூயார்க் சந்தைக்கு வந்தது. அதன் வருவாய் 2022இல் 11.1 மில்லியன் டாலர், 2023இல் 22 மில்லியன், 2024இல் 43.1 மில்லியன். ஆண்டுதோறும் இரட்டிப்பாகிறது என்று இதைத்தான் காட்டுவார்கள், பொய்யும் இல்லை. ஆனால் அதே 2024இல் நிகர நட்டம் 331.6 மில்லியன். ரிகெட்டி என்ற இன்னொரு நிறுவனத்தின் வருவாய் இதே மூன்று ஆண்டுகளில் 13.1, 12, 10.8 மில்லியன் என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2021இல் ஸ்பேக் வழியாக, அதாவது பணம் மட்டும் வைத்திருக்கும் ஒரு வெற்று நிறுவனத்தோடு இணைந்து சந்தைக்கு வர ஏற்பாடு செய்தபோது, 2026இல் ஐநூறு மில்லியன் டாலருக்கு மேல் வருவாய் வரும் என்று முதலீட்டாளர்களுக்கு மதிப்பீடு காட்டிய நிறுவனம் அது. வழக்கமான ஐபிஓவில் இப்படி வருங்கால வருவாயை எழுதிக் காட்ட யாரும் துணிவதில்லை. ஸ்பேக் பாதையில் அதற்கு இடம் இருந்தது.

டி-வேவ் என்ற மற்றொரு குவாண்டம் கணினி நிறுவனத்தின் கணக்கு வேறொரு பாடம். 2025 முதல் காலாண்டில் அதற்கு 15 மில்லியன் டாலர் வந்தது. 2024 முழு ஆண்டிலும் வந்ததே 8.8 மில்லியன்தான். அடுத்த காலாண்டில் 3.1 மில்லியன். முதல் காலாண்டில் ஒரே ஒரு இயந்திர விற்பனை கணக்கில் ஏறியதுதான் காரணம். ஒரு காலாண்டை நான்கால் பெருக்கி 'ஆண்டுக்கு இவ்வளவு' என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

நட்டக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிகெட்டியின் 2024 நிகர நட்டம் 201 மில்லியன் டாலர். அதில் சுமார் 134 மில்லியன், பழைய வாரண்ட் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) முதலிய பொறுப்புகளின் மதிப்பு பங்கு விலையோடு சேர்ந்து ஏறியதால் ஏட்டில் எழுதப்பட்டது; பணம் வெளியே போகவில்லை. தொழில் நடத்தியதில் வந்த நட்டம் 68.5 மில்லியன். ஆகவே நிகர நட்டத்தைப் பார்த்து அலறவும் வேண்டாம், வருவாயைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ரொக்க ஓட்ட அறிக்கையில் 'தொழில் நடவடிக்கைகளில் செலவான ரொக்கம்' என்றொரு வரி இருக்கும். அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

தொடக்கநிலை நிறுவனத்துக்குப் பணம் வரும் வழிகள் சில. முதலாவது அரசு மானியம். தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. காலம் 2030-31 வரை. எட்டு ஆண்டுக்குள் 50 முதல் 1,000 க்யூபிட் இயந்திரங்கள் என்பது இலக்கு. இந்தப் பணம் மொத்தமாகக் கொட்டாது. ஒரு தவணையைச் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, மைல்கல்லை எட்டியதாகக் குழு ஒப்புக்கொண்ட பின்புதான் அடுத்த தவணை. நடுவில் ஆறு மாதம் இழுத்தாலும் சம்பளமும் மின் கட்டணமும் நிற்பதில்லை. மானியத்தை விற்பனையோடு சேர்த்து 'வருவாய்' என்று விளம்பரத்தாளில் போடுவதும் நடக்கும். தணிக்கை செய்த கணக்கில் அது 'பிற வருமானம்' என்ற தலைப்பில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, இயந்திரத்தையே ஆய்வகத்துக்கு விற்பது. தொகை பெரிது; ஆனால் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்றுதான் வரும். நிறுவிக் காட்டி, ஒப்புக்கொண்ட துல்லியத்தை எட்டும்வரை கடைசித் தவணையைத் தர மாட்டார்கள்.

மூன்றாவது, மேகக் கணினி வழியாக நேரத்தை வாடகைக்கு விடுவது. கேட்க இனிக்கும் வழி இதுதான். விசைத்தறி வைத்திருப்பவரிடம் எத்தனை தறி என்று கேட்பதைவிட நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, மீட்டருக்கு என்ன கூலி என்று கேட்பதுதான் நம் ஊர் வழக்கம். இங்கும் கேள்வி அதேதான். ஐபிஎம் பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் காசு என்ற முறையில் நிமிடத்துக்கு 96 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறது. அதே ஐபிஎம், பழகிப் பார்க்க வருபவர்களுக்கு மாதம் பத்து நிமிடம் இலவசமாகவும் தருகிறது. இருபத்தைந்து க்யூபிட் வைத்திருக்கும் புது நிறுவனம் அந்த விலையைக் கேட்க முடியாது. நிமிடத்துக்கு 2,000 ரூபாய் கிடைக்கிறது, நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டில் 250 நாள் விற்றுவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 30,000 நிமிடம், ஆறு கோடி ரூபாய். அறுபது எழுபது பொறியாளர்களும் ஒரு குளிர்விப்பு ஆய்வகமும் உள்ள நிறுவனத்துக்கு மாதச் செலவு இரண்டரைக் கோடி என்றால், ஆண்டுக்கு முப்பது கோடி. மிச்சம் இருபத்து நான்கு கோடி எங்கிருந்து வரும்?

நாளுக்கு இரண்டு மணி நேரம்தானா என்று கேட்கலாம். மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருளால் ஆன சில்லு வேலை செய்ய அதைப் பத்து இருபது மில்லிகெல்வின் வெப்பநிலைக்கு இறக்க வேண்டும். அதற்குக் கீழே குளிரே இல்லாத தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல், ஒரு டிகிரியில் நூறில் ஓரிரு பாகம்தான் அது. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையைச் சுற்றவிட்டு அதைச் சாதிக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜ், அறை வெப்பத்திலிருந்து அடிமட்டம் போய்ச் சேர ஒரு நாள் முதல் சில நாள் வரை ஆகும். மின்சாரமோ அமுக்கியை (கம்ப்ரசர்) குளிர்விக்கும் தண்ணீரோ நின்றால் மேல்தட்டுகள் சூடாகத் தொடங்கும். கலவையைத் தொட்டிக்கு மீட்டெடுக்க வேண்டும், மறுபடி குளிர்விக்க வேண்டும். ஒருமுறை சூடாகிக் குளிர்ந்த சில்லில் க்யூபிட்டுகளின் அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் மறுபடி அளந்து சரிசெய்ய இன்னும் சில நாள். ஜெனரேட்டர், யுபிஎஸ் மட்டும் போதாது, குளிர்நீர்ச் சுற்றுக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். ஒரே ஒரு ஃப்ரிட்ஜ் உள்ள நிறுவனத்தில் அடுத்த சில்லைச் சோதிக்கும் வேலையும் வாடிக்கையாளர் வேலையும் ஒரே பெட்டிக்குள் மோதும். ஆய்வு ஓடினால் வருமானம் நிற்கும், வருமானம் ஓடினால் ஆய்வு நிற்கும். இரண்டாவது பெட்டி வாங்கலாம் என்றால், பெரும்பாலும் பின்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வர வேண்டும். பல மாதக் காத்திருப்பு. இறக்குமதியில் கட்டும் ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள விற்பனையே இல்லாததால் அந்தப் பணமும் முடங்கும். 2024 செப்டம்பரில் அமெரிக்கா குவாண்டம் கணினிகளையும் அவற்றுக்கான சில குளிர்விப்புக் கருவிகளையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உரிமத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களும் நிறுவனத்தின் செலவுதான்.

க்யூபிட் எண்ணிக்கை ஏன் போதாது என்பதற்கு ஒரே கணக்கு. இரண்டு க்யூபிட்டுக்கு இடையே நடக்கும் ஒரு செயல் 99 சதவீதம் சரியாக நடந்தால், அப்படி நூறு செயல்கள் பிழையின்றி முடிய வாய்ப்பு 37 சதவீதம். துல்லியம் 99.9 என்றால் வாய்ப்பு 90 சதவீதம். ஆக, 99.9 துல்லியமுள்ள முப்பது க்யூபிட், 99 துல்லியமுள்ள முந்நூறைவிடப் பயன் தரும். கூகுள் 2024 டிசம்பரில் காட்டிய வில்லோ சில்லில் 105 க்யூபிட். அதில் 101ஐச் செலவிட்டு, பிழை திருத்தப்பட்ட ஒரே ஒரு தருக்க க்யூபிட்டைக் காத்தார்கள். அதற்கும் ஒரு சுற்றுக்கு 0.143 சதவீதப் பிழை. உலகமே பாராட்டிய சாதனை அது, நியாயமான பாராட்டு. ஆனால் நூறு தருக்க க்யூபிட் வேண்டுமென்றால் எத்தனை கம்பி, எத்தனை மின்னணுப் பெட்டி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய முறையில் ஒரு க்யூபிட்டுக்கு இரண்டு மூன்று கம்பிகள் ஃப்ரிட்ஜுக்குள் இறங்குகின்றன. க்யூபிட் கூடக் கூடச் செலவும் அதே விகிதத்தில் கூடுமானால் லாபம் என்ற நாள் வரவே வராது. கம்பிகளைக் குறைக்க உங்களிடம் என்ன வழி என்பது நிறுவனரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி.

இனி கையிருப்பு. உதாரணத்துக்கு அறுபது கோடி ரொக்கம், மாதம் இரண்டரைக் கோடி செலவு. இருபத்து நான்கு மாதம் தாங்கும். அடுத்த சுற்று நிதி திரட்ட ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்பதால் பதினைந்தாவது மாதத்தில் கேட்கத் தொடங்க வேண்டும். அப்போது கையில் காட்ட ஒரு புதுச் சாதனை இருந்தாக வேண்டும். ஃப்ரிட்ஜ் எட்டு மாதம் தாமதமானால் அந்தச் சாதனையும் தாமதம். பிழை திருத்தம் பெற்ற 200 தருக்க க்யூபிட் இயந்திரத்தை ஐபிஎம்மே 2029க்குத்தான் சொல்லியிருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்பா, பயன்படும் அளவிலான இயந்திரம் 2033க்குள் சாத்தியமா என்பதையே இப்போதுதான் நிறுவனம் நிறுவனமாகச் சோதிக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு சுற்று என்றாலும், இன்று தொடங்கும் நிறுவனம் அந்த நாளைத் தொட மூன்று நான்கு முறை நிதி திரட்டியாக வேண்டும்.

பங்குதாரர் தோற்பது இங்கேதான். இருநூறு கோடி மதிப்புள்ள நிறுவனத்தில் இருபது லட்சம் போட்டால் 0.1 சதவீதம் உங்களுடையது. நான்கு சுற்றிலும் இருபது இருபது சதவீதம் புது முதலீட்டாளருக்குப் போனால் உங்கள் பங்கு 0.041 சதவீதமாகச் சுருங்கும். போட்ட இருபது லட்சத்தை வட்டியில்லாமல் திரும்பப் பார்க்கவே நிறுவனத்தின் மதிப்பு ஏறக்குறைய 490 கோடியைத் தொட வேண்டும். பெரிய நிதியங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு; நிறுவனம் விற்கப்பட்டால் அவர்களுக்குத்தான் முதலில் பணம். நிறுவனம் 300 கோடிக்கு விற்கப்பட்டு, முன்னுரிமைப் பாக்கி 250 கோடி என்றால், மீதி ஐம்பது கோடிதான் மற்றவர்களுக்கு. செய்தியில் '300 கோடிக்கு விற்பனை' என்று வரும். உங்கள் கைக்கு வருவது வேறு.

பட்டியலிட்ட நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன, வெளிப்படையாக. 2025இல் விலை ஏறியிருந்தபோது ரிகெட்டி 350 மில்லியன் டாலருக்கும், டி-வேவ் 400 மில்லியன் டாலருக்கும் புதுப் பங்குகளைச் சந்தையிலேயே விற்றன. நிறுவனத்துக்கு அது புத்திசாலித்தனம்; பல ஆண்டுச் செலவுக்குக் கையிருப்பு சேர்ந்துவிட்டது, நாளையே மூடுவார்கள் என்ற பயம் இல்லை. உச்ச விலையில் வாங்கியவருக்குத்தான் அது நீர்ப்பு, அதாவது அவருடைய பங்கு விகிதம் சுருங்கிவிடும். 2025 ஜனவரியில் சில்லு நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், மிகவும் பயனுள்ள குவாண்டம் கணினிக்குப் பதினைந்து முதல் முப்பது ஆண்டு ஆகலாம் என்று சொன்ன மறுநாள், இந்தப் பங்குகள் ஒரே நாளில் நாற்பது சதவீத அளவுக்கு விழுந்தன. எந்த நிறுவனத்தின் கணக்கிலும் அன்று ஒரு ரூபாய்கூட மாறவில்லை. கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜபாட்டா இருக்கிறது: மென்பொருள் நிறுவனம், 2024 ஏப்ரலில் ஸ்பேக் வழியாகப் பட்டியலானது, அக்டோபரில் வேலையை நிறுத்தியது.

இந்தத் துறையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெங்களூரின் க்யூபிஐஏஐ 2025 ஏப்ரலில் 25 க்யூபிட் இயந்திரத்தைக் காட்டியது, நம் நாட்டுக்குப் பெரிய படி. எங்கள் கணிப்பில், முழு இயந்திரம் செய்பவர்களைவிட அதற்கான பாகம் செய்பவர்கள் முதலில் லாபம் பார்ப்பார்கள். எந்த நாட்டின் எந்த இயந்திரம் வென்றாலும் கம்பி, பெருக்கி, லேசர் எல்லோருக்கும் வேண்டும். தேசிய குவாண்டம் மிஷன் 2024இல் தேர்ந்தெடுத்த எட்டு நிறுவனங்களில் டிமிரா குளிர்நிலைக் கம்பிகள் செய்வது. ஓசூர், ஸ்ரீசிட்டி பட்டறைகளுக்கும் இதில் வேலை உண்டு: ஆக்சிஜன் இல்லாச் செம்பில் தங்கமுலாம் பூசிய தட்டுகள், வெற்றிடக் கூடுகள், காந்தத் தடுப்பு உறைகள். காந்தத் தன்மையுள்ள ஒரு திருகு போதும் சில்லின் அளவீட்டைக் கெடுக்க. குளிரில் செம்பும் எஃகும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் இறுக்கிய இணைப்பு தளர்ந்து, வெப்பம் கடத்தாமல் போகும். ஹீலியம் கசிவுச் சோதனை தேறாத கூடு திரும்பி வரும். இவற்றைச் சரியாகச் செய்து கொடுக்கும் பட்டறைக்கு விண்வெளி, மருத்துவக் கருவி வேலையும் சேர்ந்து கிடைக்கும். குவாண்டம் தாமதமானாலும் அடுப்பு அணையாது.

பட்டியலிடப்படாத பங்கை வாங்கச் சொன்னால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்றையும் விடக் கூடாது. தனியார் நிறுவனம் பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்க முடியாது; ஊழியர்கள் நீங்கலாக 200 உறுப்பினருக்கு மேல் இருக்கவும் முடியாது. புதுப் பங்கு கொடுப்பதானால் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் 42ஆம் பிரிவின்படி உங்கள் பெயருக்கே எழுதிய பிஏஎஸ்-4 படிவம், அதாவது தனிப்பட்ட பங்கு விற்பனைக்கான அழைப்புக் கடிதம், வர வேண்டும். பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டும். ரொக்கம் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அறுபது நாளுக்குள் பங்கு ஒதுக்காவிட்டால் அடுத்த பதினைந்து நாளில் பணம் திரும்ப வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டி. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணத்தில் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு, ஒதுக்கீட்டுப் படிவங்கள் எல்லாம் கிடைக்கும். கணக்கில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: பிற வருமானம் எவ்வளவு, ஆராய்ச்சிச் செலவைச் சொத்தாக எழுதியிருக்கிறார்களா, தொழில் தொடர்ந்து நடக்குமா என்பது பற்றித் தணிக்கையாளர் ஏதாவது குறிப்பு எழுதியிருக்கிறாரா. ஆராய்ச்சிக் கட்டச் செலவைச் செலவாகத்தான் எழுத வேண்டும். அதைச் சொத்துப் பக்கத்தில் ஏற்றினால் நட்டம் குறைந்து தெரியும்.

அமெரிக்கப் பங்கு வாங்குபவர்கள், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால் மிகுதித் தொகைக்கு 20 சதவீத வரி முன்கூட்டியே பிடிக்கப்படும் என்பதையும் (கணக்குத் தாக்கலில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் பணம் சில மாதம் முடங்கும்), இருபத்து நான்கு மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமான அடுக்கின்படியும் அதற்குமேல் 12.5 சதவீதமாகவும் வரிக்கு உட்படும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும்.

தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். குவாண்டம் நிறுவனம் பற்றிச் செய்தி போடும்போது க்யூபிட் எண்ணிக்கையோடு இரு-க்யூபிட் துல்லியம், மானியம் நீங்கலான விற்பனை, கையிருப்பு தாங்கும் மாதங்கள் என்று மூன்று எண்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கணக்கர்களும் கருவிப் பொறியாளர்களும் சிலர்,
நகரி, ஆந்திரப் பிரதேசம்.